ஏழாவது டேப்பில் பதினேழு படி

அத்தியாயம் 9

ஏழு டேப்பையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மாமா என் மேஜையில் வைத்தாரே, அந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய ஆட்கள் அதற்குள் அடுப்பில் இருப்பதை ஒரு கிளறு கிளறிவிட்டு வரலாம்.

நான் இந்த வீட்டு மருமகள். வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு வீடியோ கடையில் எடிட்டிங் வேலை. பழைய காமிரா டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தால், வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, டிஸ்க்கில் போட்டுக் கொடுப்பேன். ஊரான் வீட்டுப் பிறந்தநாளையெல்லாம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் சொந்த வீட்டு டேப் கைக்கு வந்திருக்கிறது.

நாளைக்கு ஞாயிறு. மாமாவுக்கும் அத்தைக்கும் நாற்பதாவது கல்யாண நாள். மதியச் சாப்பாட்டுக்கு அண்ணி வருகிறார். அண்ணி என்றால் இவருடைய, அதாவது என் வீட்டுக்காரருடைய அக்கா. அண்ணி இந்த வீட்டு வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. நாளைக்கும் ஒரே ஒரு மணி நேரம்தானாம். அதுவும் அத்தை போனில் அழுத அழுகைக்காக.

பதினைந்து நாளில் அண்ணியின் வீட்டுக்காரருக்குக் கடல் தாண்டி மாற்றல். நாளைக்கும் முறுக்கிக்கொண்டே எழுந்து போனால், அப்பாவும் மகளும் பேசாமலே பிரிந்துவிடுவார்கள். அத்தைக்கு அந்த ஒரு கவலைதான். சின்ன வயசுப் படமெல்லாம் பார்த்தால் மனசு இளகாதா என்று ஒரு நப்பாசை. அதற்குத்தான் இந்த டிஸ்க்.

சண்டை என்ன? அண்ணி தானே பார்த்து முடிவு செய்த மாப்பிள்ளை. மாமா இரண்டு மாசம் குதித்தார், கடைசியில் ஒத்துக்கொண்டார். கல்யாணம் முடிந்து கார் கிளம்பும்போது வாசலில் எல்லாரும் நின்றார்கள், மாமா மட்டும் இல்லை. பெற்ற அப்பா வழியனுப்பக்கூட வரவில்லை என்று அண்ணிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திவிட்டது.

ஒரு வாரம் கழித்து வந்து கேட்டிருக்கிறார். "எங்கேப்பா இருந்தீங்க?"

"மாடியிலேர்ந்து உன் காரைத்தான்மா படம் எடுத்திட்டிருந்தேன்."

"போட்டுக் காட்டுங்க."

மாமா போட்டார். வேகமாக ஓட்டி ஓட்டித் தேடினார். திரையில் தரை, படிக்கட்டு, மறுபடியும் தரை. காரும் இல்லை, தெருவும் இல்லை. "பொய்யாவது ஒழுங்கா சொல்ல வருமாப்பா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அண்ணி எழுந்தவர்தான். 'நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன்டி, அங்கேதான் நின்னாரு' என்று அத்தை பின்னாலேயே ஓடினார். 'நீ எப்பவும் அவர் பக்கம்தான்' என்று பதில் வந்தது. மாமா காமிராவைத் துணியில் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே அச்சு. வளைய மாட்டார்கள்.

கதை இவ்வளவுதான். இனி சனிக்கிழமை காலைக்கு வாருங்கள்.

*

இவர் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது என் அறைக்குள் தலையை நீட்டினார்.

"எத்தனை முடிஞ்சுது?"

"ஆறு. இப்ப ஏழாவதை ஓட விடணும்."

"அந்த ஏழாவது அக்கா கல்யாண டேப்தானே? விட்டுடேன். பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

"விடாம எப்படி? அண்ணி வர்ற அன்னிக்கு அண்ணி கல்யாணம் இல்லாத டிஸ்க்கா?"

"அப்ப தரை, காலு, படிக்கட்டு, அந்தக் குப்பையையாவது வெட்டிடு." அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பெரிதாக நினைக்கவில்லை. கிளறாதே என்று ஒருத்தர் சொன்னால் அடியில் ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டேப்பில் ஒரு தொல்லை உண்டு. ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற ஒரு மணி நேரம் முழுசாக ஓடியே ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது. கடையில் அதை ஓட விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்போம். வீட்டில் எனக்கு வேறு வேலை இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாமா காபியோடு வந்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல், என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பேச்சுக் கொடுத்தார்.

"என்னம்மா, எல்லாம் தரையும் செருப்புமா இருக்குமே?"

"கொஞ்சம் இருக்கு மாமா."

"கொஞ்சமாவது! யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. எனக்கு அடி மட்டும்தான் படத்துல விழுந்திருக்கு." அவரே சொல்லி அவரே சிரித்தார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

மாமா முப்பது வருஷம் குடிநீர் பம்ப் நிலையத்தில் இருந்தவர். அங்கே பச்சை விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது. காமிராவில் தலைகீழ். சிவப்புப் புள்ளி இருந்தால்தான் பதிவாகிறது.

"சும்மா இருக்கற நாள்ல ஞாபகம் இருக்கும்மா. மனசு கொஞ்சம் படபடன்னு ஆச்சுன்னா போதும், கை பழைய வேலைக்குப் போயிடும். சிவப்பைப் பார்த்தா நின்னுடுச்சுன்னு தோளில் மாட்டிப்பேன். அது பாட்டுக்குத் தரையை எடுத்துட்டே வரும். அப்புறம் முக்கியமான நேரத்துல அமுக்குவேன், நின்னுடும். நான் ஓடுதுன்னு நினைச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டு நிப்பேன்."

"அப்போ அண்ணி பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினது..."

"தரை."

"உங்க பையன் முதல் தடவை சைக்கிள் ஓட்டினது?"

"அதுவும் தரைதான். நல்ல சிமெண்ட் தரை." டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். "வெட்டிடும்மா. பார்க்கறவங்க சிரிப்பாங்க."

அவர் போன பிறகு நான் ஆறு டேப்பையும் நினைத்துப் பார்த்தேன். கடைத்தெரு, பூங்கா, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவு. அவருக்கு மனசு நிறைந்த நாளெல்லாம் தரை. இத்தனை நாள் இந்தக் குடும்பம் குப்பை என்று சொன்னது அவருடைய சந்தோஷத்தைத்தானா?

*

ஏழாவது டேப்பில் கூடத்து ஜனம், பூச்செண்டு, கேக் வெட்டுவது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அண்ணி விடைபெற எழுந்தார். படம் சட்டென்று ஆடி, சாய்ந்து, தரைக்கு இறங்கியது. வந்துட்டார் மாமா, என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவின் செருப்பு. ஒரு கதவு. பிறகு குரல். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு.

"டேய் சின்னவனே! இங்க வா. பெரிசுகிட்ட போய்ச் சொல்லு. அப்பா மாடியில நிக்கறேன், கார் கிளம்பும்போது மேலே பார்த்துக் கையாட்டச் சொல்லு. தெரு முனை வரைக்கும் எடுக்கப் போறேன்."

"சரிப்பா."

"மறந்துடாதேடா."

"இல்லப்பா, சொல்றேன்பா."

பெரிசு என்றால் அண்ணி. சின்னவன் என்றால் வேறு யார்? என் வீட்டுக்காரர்தான். இருபத்தொரு வயசுக் குரல்.

பிறகு படிக்கட்டு. ஒவ்வொரு படியாகச் செருப்புச் சத்தம், மேல்மூச்சு. நான் எண்ணினேன். பதினேழு படி. மாடித் தரையில் வெயில். "வெளிச்சம் முதுகுப் பக்கம், நல்லது" என்று மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கீழே கார் கிளம்புகிற சத்தம். "இதோ, இதோ" என்றார். ஒரு சின்ன 'டிக்'.

அதே தரை. ஆனால் நேரம் கொஞ்சம் தாண்டியிருந்தது. கார்ச் சத்தம் இல்லை. மனுஷன் அமுக்கி நிறுத்திவிட்டு, எல்லாம் முடிந்ததும் அமுக்கி ஓட விட்டிருக்கிறார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். படியேறி அத்தை வந்தார்.

"முனை தாண்டிட்டாளா?"

"போயிட்டா. முனை திரும்பற வரைக்கும் எடுத்துட்டேன். அவ பச்சைத் துணி முனை கார்க் கதவுல மாட்டிக்கிட்டு வெளியே ஆடிட்டே போச்சு. அது கூட விழுந்திருக்கும்."

"கையாட்டினீங்களா?"

"எங்கேர்ந்து? ரெண்டு கையும் காமிராவுல இல்ல இருக்கு. மூணு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தா, வாசலையே. மூணாவது தடவை கண்ணாடியை இறக்கிட்டுத் தலையை வெளியே விட்டுப் பார்த்தா. மேலே மட்டும் பார்க்கவே இல்லை."

"சின்னவன் சொல்லியிருப்பான்ல?"

"சொல்லாம இருப்பானா? சொல்லியும் பார்க்கலை. நான் ரெண்டு மாசம் பேசின பேச்சுக்கு இது கூட இல்லைன்னா எப்படி? விடு. வா, நாற்காலியெல்லாம் வண்டியில ஏத்தணும்."

நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அழுதேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது. மூன்று தடவை திரும்பிப் பார்த்தவளுக்காகவும்தான், கையாட்ட ஒரு கை இல்லாமல் நின்றவருக்காகவும்தான். அன்றைக்கு வேகமாக ஓட்டித் தேடினார்களே, வேகமாக ஓட்டினால் டேப்பில் சத்தம் வராது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர் காதிலும் ஒரு வார்த்தை விழவில்லை.

அழுகை நின்றதும் கோபம் வந்தது. அது யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை.

*

இவர் இரண்டு கையிலும் பையோடு வந்தார். நான் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, அந்த இடத்தை ஓட விட்டேன்.

'மறந்துடாதேடா' வரும்போது அவர் முகம் வெளுத்தது. பைகளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அதான் வெட்டிடுன்னு சொன்னேனே!" என்று முதலில் பாய்ந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, தப்பு டேப் மேல் விழுந்தது.

"அண்ணிகிட்ட சொன்னீங்களா இல்லையா?"

பைகளை இறக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மறந்துட்டேன். பெட்டியெல்லாம் காருல ஏத்தச் சொன்னாங்க, ஓடினேன். கார் போன பிறகுதான் ஞாபகமே வந்துச்சு. ராத்திரி அப்பா கேட்டாரு, சொன்னியாடான்னு. சொன்னேன்னுட்டேன்."

"ஏன்?"

"அவர் கேட்ட விதம். அவர் கண்ணுல தண்ணி நின்னுச்சு. அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். ஒரு வாரம் கழிச்சு அக்கா கத்திட்டுப் போனப்போ பயமாயிடுச்சு. ஒரு வருஷம் ஆன பிறகு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? நீயே சொல்லு."

ஆறு வருஷமாக இந்த மனுஷன் அக்கா பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். அக்கா மேல் கோபம் என்று நான் நினைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பூசணிக்காய் என்ற பேச்சு வந்தாலே ஓடியிருக்கிறார்.

"வெட்டிடலாம்ல?" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "நான் பேசறது பத்து செகண்டுதான். அம்மா கேக்கறாங்களே, சின்னவன் சொல்லியிருப்பான்லன்னு, அது ஒரு அஞ்சு செகண்ட். மத்தது இருக்கட்டும். அப்பா மாடியில நின்னாருன்னு அக்காவுக்குத் தெரிஞ்சிடும். எல்லாருக்கும் நல்லதுதானே?"

என்னிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. என்னால் முடியும். பதினைந்து செகண்டைத் தூக்கிவிட்டு, வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டிக் கொடுப்பேன். கடையில் இதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். நாளைக்கு எல்லார் எதிரிலும் தலைகுனிந்து நிற்கப்போவது என் புருஷன்.

"வெட்டலாம்ங்க. யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு மாமா மேல இருக்கற கோபம் போயிடும். ஆனா மாமா மனசுல? 'சொல்லியும் பார்க்கலை'ன்னு ஆறு வருஷமா வச்சிருக்காரே, அது அப்படியேதானே கிடக்கும்? அதை எந்த டிஸ்க்குல போட்டு எடுப்பீங்க?"

அவர் காலடியில் கிடந்த பையை ஓரமாக நகர்த்தினார். சமையலறையில் அத்தை பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு, போனை எடுத்தார். எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு தடவை கூட அவராகப் பேசியதில்லை.

"அக்கா, நான்தான். வைக்காதே. ஒண்ணு கேளு, கேட்டுட்டு எவ்வளவு வேணா திட்டு."

நான் ஹெட்போன் கம்பியைப் பிடுங்கினேன். அவர் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார். 'டேய் சின்னவனே'யில் ஆரம்பித்து 'நாற்காலியெல்லாம்' வரைக்கும், ஒரு செகண்ட் வெட்டாமல் முழுசாக ஓட விட்டேன்.

முடிந்தது.

"நான் சொல்லலைக்கா," என்றார் இவர். "மறந்துட்டேன். அப்பாகிட்ட சொன்னேன்னு பொய் சொல்லிட்டேன்."

அண்ணி திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரும் எதிர்பார்த்தார்.

"அந்தத் துணி," என்றார் அண்ணி. குரல் உடைந்திருந்தது. "பாதி வழியில வண்டியை நிறுத்தித்தான்டா கதவுலேர்ந்து எடுத்தேன். அது எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "தண்ணித் தொட்டி பார்க்க இன்னமும் அஞ்சு மணிக்குத்தான் மாடிக்குப் போறாரா?"

"ஆமாக்கா. ரிட்டயர் ஆனாலும் அந்தப் பழக்கம் போகலை."

போன் வைக்கப்பட்டது.

*

ஐந்து மணிக்கு மாமா மாடிக்குப் போனார். சரியாக ஐந்தே காலுக்கு ஒரு டாக்ஸி வாசலுக்கு வராமல், எதிர்ச் சாரியில் போய் நின்றது. நானும் இவரும் ஜன்னலோரம்.

அண்ணி இறங்கினார். வாசலைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நடுத்தெருவில் நின்று தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

மேலே தொட்டி மூடி 'டங்'கென்று விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நான் வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரோரம் மாமா நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். முதலில் ஒரு கையைத் தூக்கினார். பிறகு இன்னொன்றையும். இரண்டு கையையும் ஆட்டினார், கிளம்புகிற வண்டியை நிறுத்துகிறவர் மாதிரி.

கீழே அண்ணியும் ஆட்டினார். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, நடுத்தெருவில். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கிப் போனார்.

"நாளைக்குத்தானேம்மா வர்றேன்னே!" மாமாவின் குரல் கீழே வரைக்கும் நடுங்கியது. "மேலே பார்க்கணும்னு யார் சொன்னது உனக்கு?"

"சின்னவன்தான்ப்பா," என்றார் அண்ணி, அத்தனை தெருவுக்கும் கேட்கிற மாதிரி. "ஆறு வருஷம் லேட்டா சொன்னான்."

மாமாவின் கைகள் மெதுவாக இறங்கின. அவர் பார்வை மகளைவிட்டு வாசலுக்கு வந்தது, வாசலில் என் பின்னால் வந்து நின்றிருந்த இவர் மேல் நின்றது. சுவரைவிட்டு நகர்ந்தார்.

அண்ணி உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை ஈரக் கையோடு சமையலறை வாசலில் சிலையாக நின்றார். இவர் யாரையும் பார்க்காமல் நேராகப் போய்க் கடைசிப் படியருகே நின்றார், இருபத்தொரு வயசில் நின்ற அதே இடத்தில்.

மாடியிலிருந்து செருப்புச் சத்தம் இறங்க ஆரம்பித்தது. காலையிலிருந்து எனக்கு மனப்பாடமான சத்தம். நான் எண்ணினேன்.

பதினாறாவது படியில் நின்றது.